வெள்ளைக்கு ஹார்டுவேர், சிவப்புக்கு நெட்வொர்க்

டிகிரியை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் ஊரில் ஒரே கேள்விதான். "இன்னாம்மா, இன்னும் ஒண்ணும் அமையலையா?" வேலையா, மாப்பிள்ளையா என்று கேட்கிறவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டுமே அமையவில்லை என்பதால் நானும் விளக்கம் கேட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அந்த வருடம் செல்லிப்பட்டில் அப்படித் தலையாட்டிக்கொண்டு திரிந்தது இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி அடுத்த தெருவில் இருந்த என் சிநேகிதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி கடைசி நாள் வரை ஒரே பெஞ்சு, ஒரே பஸ், மழை வந்தால் ஒரே குடை.

இரண்டு பேரும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கேட்கிறவர்களுக்கு அது பெரிய படிப்பு. பக்கத்து வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உண்மை என்னவென்றால் மூன்று வருடத்தில் ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூட நாங்கள் கழற்றிப் பார்த்ததில்லை. லேபில் முதல் நாளே "எதையும் தொடாதீங்க" என்றார்கள். நாங்களும் நல்ல பிள்ளைகள், தொடவே இல்லை.

பாண்டியில் ஒரு கம்பெனி ஹெல்ப்டெஸ்க்குக்கு ஆள் எடுக்கிறது என்று வாட்ஸப்பில் வந்தது. ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம் என்று எங்காவது கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் இங்கே போன் அடிக்கும். எடுத்துப் பேசிச் சரிசெய்ய வேண்டும். அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் இரண்டு பேரும் எழுந்தே நின்றுவிட்டோம். அதற்குக் கீழே இன்னொரு வரி. ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், கிளவுட், இதில் ஏதாவது ஒன்றில் சர்வதேசச் சான்றிதழ் வேண்டும். ஐந்து மாதம் கழித்து ஆள் எடுப்பு.

அந்த 'ஏதாவது ஒன்று' எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. இதுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் மாடு மாதிரி அதையே படித்துத் தொலைத்திருப்போம்.

யாரைக் கேட்பது? வில்லியனூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா மூன்றையும் சேர்த்துப் படியுங்கள், அதுதான் நல்லது என்றார். எங்களுக்கா, உங்களுக்கா என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சென்னையில் வேலை பார்க்கிற சீனியர் அண்ணன் ஒருவர் "ஹார்டுவேர்லாம் இப்ப யாரும் மதிக்கறதில்ல, நெட்வொர்க் போடு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பெங்களூரில் இருக்கிற இன்னொரு சீனியர் "நெட்வொர்க் பேப்பர் கஷ்டம்மா, மொத வேலைக்கு ஹார்டுவேரே போதும்" என்றார். கிளவுடைப் பற்றிக் கேட்டால் இருவருமே சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டோம். யூடியூபில் பார்த்தால் ஒவ்வொருத்தன் ஒவ்வொன்று சொல்கிறான், எல்லோரும் ஒரே தைரியத்தோடு சொல்கிறார்கள். கடைசியில் அப்பாவைக் கேட்டேன். அவர் கரும்பு வெட்டிவிட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். "எதப் படிச்சா உக்காந்து வேல செய்யலாமோ அதப் படி" என்றார். இரண்டுமே உட்கார்ந்து செய்கிற வேலைதான் அப்பா என்றேன். "அப்ப எதுவா இருந்தா இன்னா" என்று சாப்பிடப் போய்விட்டார்.

எனக்கு ஹார்டுவேர் வேண்டும். அவளுக்கு நெட்வொர்க் வேண்டும்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணக்கு என்றால் பயம். நெட்வொர்க் படிப்பில் ஒரு கணக்கு வரும், பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பிரிக்கிற கணக்கு. எத்தனை கம்ப்யூட்டருக்கு இடம் விடலாம், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று எல்லாம் இரண்டின் பெருக்கமாக ஓடும். அதைப் பார்த்தாலே நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவளுக்கோ அது விளையாட்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, மற்றக் கையின் விரலை மடக்கி மடக்கி விடையைச் சொல்லிவிடுவாள். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தால் அதைப் பாம்பு மாதிரி தள்ளிப் பிடிப்பாள். எந்த கேபிள் எந்த ஓட்டையில் போகும் என்று அவளுக்கு மனசில் நிற்கவே நிற்காது.

ஆளுக்கு ஒன்று படித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே லேப்டாப், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. பேட்டரி செத்துப் பல நாளாகிவிட்டது, ஒயரைச் சொருகினால்தான் உயிர். அதில் ஒரே பாடத்தைச் சேர்ந்து பார்த்தால்தான் நான்கு மாதத்தில் முடிக்க முடியும். பரீட்சைக் கட்டணமும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும். தப்பித் தவறித் தோற்றால் இன்னொரு தடவை கிடையாது.

எனக்காவது அப்பா இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வார். அவள் வீட்டில் அப்படி இல்லை. திருபுவனையில் மாத்திரை பேக் பண்ணுகிற கம்பெனியில் அவள் மாமா சொல்லிவைத்திருந்தார். இந்தச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அவள் அங்கேதான் போக வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு அட்டையை மடிக்கிற வேலை. அவளுக்கு அந்த வேலை கேவலம் என்று இல்லை, அவள் அப்படி நினைக்கிறவளே கிடையாது. "ஒருக்கா உள்ள போய்ட்டா நான் வெளிய வர மாட்டன்டி, எனக்கு என்னைத் தெரியும்" என்பாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

பத்து நாள் சண்டை போட்டோம். சண்டை என்றால் கத்தல் இல்லை. "உனக்கு எது வேணுமோ அதையே படிப்போம்" என்று அவள் சொல்வாள், "இல்லடி உனக்கு வேணுங்கறத" என்று நான் சொல்வேன், இரண்டு பேரும் உம்மென்று உட்கார்ந்திருப்போம். இதைப் பார்த்துச் சலித்துப்போன என் அம்மா, "எதுக்குடி மண்டைய ஒடச்சிக்கறீங்க, ஆத்தங்கர அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம் வாங்க" என்றாள்.

எங்கள் பக்கம் பொண்ணு பார்க்கலாமா, நிலத்தை விற்கலாமா, போர் போடலாமா, எல்லாவற்றுக்கும் பூ கேட்பதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் வாழை இலைத் துண்டில் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூவுக்கு எது என்று ஒருவர் மட்டும் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து சொல்லக் கூடாது. விஷயம் தெரியாத இன்னொருவர் பொட்டலத்தை எடுப்பார். பிரித்துப் பார்த்த பிறகுதான் நினைத்தவர் சொல்லலாம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. அம்மன் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் பறித்து வந்து திரும்பி நின்று கட்டினார். "யாரும்மா நெனைக்கறது?" என்றார். நான் அவளைப் பார்த்தேன். "நீயே நெனச்சிக்கடி" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை.

கண்ணை மூடினேன். வெள்ளைக்கு ஹார்டுவேர், சிவப்புக்கு நெட்வொர்க். மூன்று தடவை சொல்லிக்கொண்டேன், குழப்பம் வரக் கூடாதே என்று. கற்பூரம் காட்டினார்கள். அம்மா குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார். செவ்வரளி.

"சொல்லும்மா" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன ஆனது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. அந்தக் கணக்கு கண்முன்னால் வந்து நின்றது. நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டித் தோற்று, இவள் மட்டும் வேலைக்குப் போகிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. "ஹார்டுவேர்" என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

அவள் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சரிசெய்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "செரி, அம்மனே சொல்லிட்டா. இனிமே கொழப்பம் இல்ல" என்றாள். பூசாரி அந்த அரளிப் பூவை அவளிடமே கொடுத்தார். தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் படித்த படிப்பு இருக்கிறதே, என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. ரேம் மெமரியில் எத்தனை வகை, எந்த வகைக்கு எங்கே வெட்டு, பிரிண்டர் ஒரு தாளை அச்சடிக்க உள்ளே வரிசையாக என்னென்ன செய்கிறது என்று நோட்டில் படம் போட்டுப் போட்டுப் பார்ப்பாள். மறுநாள் கேட்டால் வரிசை மாறிப்போயிருக்கும். "எனக்கு மண்ட காஞ்ச மண்டடி" என்று தலையில் தட்டிக்கொள்வாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வில்லியனூரில் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்து, பிரித்துப் பிரித்து மாட்டிக் காட்டினேன். அவளுக்கு எதில் தடுக்கினாலும் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். எனக்காகப் படித்ததைவிட அவளுக்காகப் படித்ததுதான் அதிகம். அப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று பார்த்தேன். எத்தனையோ நாள் "சொல்லிவிடு, சொல்லிவிடு" என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் வாரமே சொல்லியிருக்கலாம், வெறும் திட்டோடு போயிருக்கும். இரண்டாம் மாதம் வந்ததும் எப்படிச் சொல்வது, பாதிப் பாடம் முடிந்துவிட்டதே. இப்படியே தள்ளித் தள்ளிப் பரீட்சை நாளே வந்துவிட்டது.

ஹார்டுவேருக்கு இரண்டு பேப்பர். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். பாண்டியில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். முடித்ததும் திரையிலேயே முடிவு வந்துவிடும். இரண்டாவது பேப்பரை முடித்துவிட்டு நான் வெளியே வந்தபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பேப்பரில் தேறிவிட்டாள். முதல் பேப்பரில் கொஞ்சத்தில் போய்விட்டது. "பிரிண்டர் வரிச வந்துச்சுடி. மாத்திப் போட்டுட்டன்" என்றாள். அழவில்லை. முடிவு அச்சடித்திருந்த என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ பாஸ், நீயாவது பாஸ்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் எனக்கு வேலை கிடைத்தது. அவள் திருபுவனைக்குப் போனாள். காலையில் அவளுக்கு ஒரு பக்கம் பஸ், எனக்கு இன்னொரு பக்கம் பஸ். முதல் இரண்டு வாரம் போனில் பேசிக்கொண்டோம். பிறகு அவளுக்கு ஷிப்ட் மாறியது, எனக்கும் மாறியது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதிப் பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிடுவார்கள். நான்கு மாதம் மண்டையை உடைத்துப் படித்ததில் முக்கால்வாசி எனக்கு அங்கே தேவையே படவில்லை. அதை நினைத்தால்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். எங்கள் டீம் லீட், நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷர், என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, உங்க ஊர் பக்கம் நெட்வொர்க் நல்லா வர்ற பிள்ளைங்க யாராவது இருக்காங்களா? நம்மகிட்ட ஒரு சீட் காலியா இருக்கு. வர்றவங்க எல்லாம் அந்தப் பிரிக்கிற கணக்குலயே வுழுந்துடறாங்க" என்றார். சான்றிதழ் இல்லையே என்றேன். "கணக்கு வந்தா போதும். ரெண்டு மாசம் டைம் குடுப்போம், பரீட்சை ஃபீஸ் கம்பெனி கட்டும். திங்கக்கிழமைக்குள்ள பேர் குடு" என்றார்.

அன்றைக்கு எத்தனை போன் எடுத்தேன், யாருக்கு என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. கடவுளே இறங்கி வந்து, நீ கெடுத்ததை நீயே சரிபண்ணிக்கொள் என்று சொன்ன மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது, நின்று நின்று வந்ததாம். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். உட்காரக்கூட இல்லை, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீட், கணக்கு, இரண்டு மாதம், ஃபீஸ்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பக்கெட்டில் துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.

"வாணாம்டி" என்றாள்.

"ஏன்டி?"

"அதுதான் எனக்கு இல்லன்னு அன்னிக்கே அம்மன் சொல்லிட்டாளே. அவ குடுத்ததே எனக்கு நெலைக்கல. அவ வாணாம்னு சொன்னத நான் போய்ப் படிச்சா உருப்புடுமா?"

இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எப்போதும் போல் விரலை மடக்கிக் கணக்குப் போடுவாள், ஒத்துக்கொள்வாள் என்றுதான் வந்தேன். கெஞ்சினேன். திட்டினேன். படித்த பெண் மாதிரியா பேசுகிறாய் என்று கத்தக்கூடச் செய்தேன். "நீயும்தானடி கூட வந்த" என்றாள்.

இனி வேறு வழியே இல்லை. சொன்னேன். அன்றைக்கு வந்தது நெட்வொர்க்தான்டி. சிவப்புக்கு நான் நினைத்தது நெட்வொர்க். நான்தான் மாற்றிச் சொன்னேன். எனக்குக் கணக்கு வராது என்று பயந்து மாற்றிச் சொன்னேன். நீ கேட்டதைத்தான் அம்மன் உனக்குக் கொடுத்தாள். உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்.

சொல்லிவிட்டு அவள் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அவள் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் அவள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

அவள் பிழிந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கோபம் இல்லை. சிரிக்கிற மாதிரி இருந்தது.

"நான் வேலைக்கு வரணும்னு உனக்கு இம்மாம் ஆசையாடி" என்றாள்.

"ஐயோ, நான் சொல்றது நெஜம்டி. சத்தியமா."

"சத்தியம்லாம் பண்ணாத. உன்ன எனக்குத் தெரியாதா? நாலு மாசம் எனக்காக எப்பிடி ஒழச்ச. நீயா மாத்திச் சொல்லுவ?"

யாரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைப்பேன்? பொட்டலத்தை எடுத்த அம்மாவுக்கு எந்தப் பூவுக்கு எது என்று தெரியாது. பூசாரிக்குத் தெரியாது. என் மனசுக்குள் நினைத்தது, என்னைத் தவிர இந்த உலகத்தில் ஒரு ஆளுக்குத் தெரியாது. மறுபடி மறுபடி அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என் மேல் இன்னும் இரக்கப்பட்டாள். கடைசியில் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"போதும்டி. எனக்காகப் போய் அம்மன் பேர்ல பொய் சொல்லாத. உனக்குத்தான் ஆகாது" என்றாள்.

பிறகு ஆற்றங்கரைப் பக்கமாகத் திரும்பி நின்று, என் வாயை விடாமலே மற்றக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, எனக்காகத்தான் சொல்லிட்டா. இவள ஒண்ணும் பண்ணிடாத."